தாரைப் பானை

பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருக்குப் பேச்சு நின்றுபோனது. தூக்கமும் போயிற்று. நெற்றியில் எண்ணெயைத் தாரையாக விட்டால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் பேச்சும் மெல்லத் திரும்பலாம் என்றார் வில்லியனூர் ஆயுர்வேத வைத்தியர். திரும்பலாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஓடினேன்.

வைத்தியசாலையில் பித்தளைத் தாரைப் பாத்திரம் இருந்தது. வீட்டுக்கெல்லாம் தர மாட்டார்களாம். எண்ணெய் விட வீட்டுக்கு வரும் பெண், "மண்ணு பானை வாங்கி அடியில ஒரு ஓட்டை போட்டுடுங்கக்கா. திரிய வுட்டா எண்ணெ நூலாட்டம் எறங்கும்" என்று லேசாகச் சொல்லிவிட்டாள்.

பானைக் கடைக்காரரிடம் ஓட்டை போட்டுத் தரச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அத நாங்க போட மாட்டோம்மா. அங்க போனதும் அவங்களே போட்டுக்குவாங்க. எப்ப எடுக்கறீங்க?"

"யோவ், எம் புருஷன் வூட்ல உசுரோட கீறாருய்யா!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? எங்கள் பக்கம் ஓட்டைப் பானை என்றால் கொள்ளிக்குடம்தான். பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பானையைத் தண்ணீரில் ஊறவைத்து, மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொண்டு, ஆணியைத் திருகித் திருகி நானே துளை போட்டேன். 'சாமி, இது மருந்துக்கு, மருந்துக்கு' என்று சொல்லிக்கொண்டே போட்டேன்.

ஃபேன் கொக்கியில் கயிறு கட்டி, கட்டிலில் படுத்திருந்தவரின் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே பானையைத் தொங்கவிட்டோம். அந்தப் பெண் வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றினாள். முதல் சொட்டு விழுந்ததும் கண்ணைத் திறந்து பார்த்தார். தன் அப்பாவுக்குச் சுடுகாட்டில் தண்ணீர் ஒழுக ஒழுகக் குடம் சுமந்து சுற்றி வந்தவர் அவர்.

விளங்குகிற கையைத் தூக்கி, அந்த ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டார்.

"இன்னாங்க, மருந்துங்க இது. கைய எடுங்க." கெஞ்சினேன். அதட்டினேன். என்னையே பார்த்தார். வேணாம் என்று சொல்லக்கூட அவருக்கு வாயில்லை. விரலிடுக்கில் கசிந்த எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. அப்படியும் விரலை எடுக்கவில்லை.

"புடிச்சி இழுத்து வுடுங்கக்கா, எண்ணெ ஆறிடும்" என்றாள் அந்தப் பெண்.

எப்படி இழுப்பேன்? கை வலிக்குமே என்று அவர் முழங்கையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றேன்.