ஆறாம் நம்பர் மெஷினுக்கு வைத்த பொட்டு

"மம்மி, இன்னைக்குள்ள சொல்லியே ஆவணுமாம். செகண்ட் லாங்குவேஜ் ஜெர்மன் எடுக்கட்டுமா?"

ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டு மறு செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஜெபாவுக்கு, மகள் ஏஞ்சலினின் அந்தக் கேள்வி காலையிலேயே அலுப்பைத் தந்தது.

"வேற எது வேணா எடு. அது மட்டும் வேணாம்."

"நீ படிச்சியே?"

"படிச்சவதான் சொல்றேன்."

அதற்குமேல் பேச அவளிடம் தெம்பில்லை. கவரப்பேட்டை மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

ஜெபாவின் அப்பா எபினேசர் ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நிலமெல்லாம் கம்பெனிகளாக மாறியபோது, தான் உழுத அதே மண்ணில் எழுந்த கம்பெனி ஒன்றின் வாசலில் காவலாளியாக நின்றார். லாரியில் வந்து இறங்கும் பெரிய பெரிய மரப்பெட்டிகளைப் பார்த்து, இவையெல்லாம் ஜெர்மனியிலிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டார். மிஷன் பள்ளியில் அந்த மொழி சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே மகளை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டார். "பொட்டி இங்க வருது. எம் பொண்ணு பிளேன்ல அங்க போவா" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அங்கே தமிழுக்குப் பதிலாகத்தான் ஜெர்மன் என்பதால், தமிழ் எழுத்தை அவள் ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தை வைத்துத்தான் கற்றுக்கொண்டாள். தெருப் பிள்ளைகளோ, "ஏய் ஜெர்மன்காரி, உங்க ஊர்ல கூழு கெடைக்குமா?" என்று கேட்டு அழவைத்தார்கள்.

பிளேன் வரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தார். கல்யாணம் வந்தது, குழந்தை வந்தது, கும்மிடிப்பூண்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒரு மூலை நாற்காலி வந்தது. ஜெர்மனியிலிருந்து போன் வந்தால் அவள் 'ஜெபா மேடம்'. போனை வைத்துவிட்டால் 'ஏம்மா'. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்கள். பாவம், அவள் மட்டும் அதே நாற்காலியில்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கன்னியம்மா, பேக்கிங்கில் வேலை செய்கிறவள், விலாவில் இடித்தாள்.

"இன்னா ஜெர்மன்காரி, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"தூக்கம் பத்தலக்கா."

"உனக்கு என்னிக்கித்தான் பத்துச்சி? ஆமா, ஆறாம் நம்பர் மெஷினு பூஜையிலருந்து படுத்துக்கினு கீதே, ரகு தலைய உருட்டப் போறாங்களாம். தெரியுமா?"

ரகு காண்ட்ராக்ட் ஆள். அந்தப் புது ஆறாம் நம்பரை ஓட்டுகிறவன். ஜெபா கம்பெனிக்குள் கால் வைத்ததும் மாடிப்படி அருகே நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நான்தான் பொட்டு வச்சேன்."

ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். ஆறாம் நம்பரில், செய்து முடித்த பாகங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் கேமரா ஒன்று உண்டு. முகப்பின் நடுவில் வட்டமாக, பளபளவென்று இருக்கும்.

"நெத்தி மாரியே இருந்துச்சிக்கா. நல்லா பெருசா வச்சிட்டேன். மறுநாளு தொடைக்கலாம்னு பஞ்செடுத்து அழுத்தித் தேச்சேன். பூரா மங்கிப் போச்சு. இப்ப நல்ல பீஸக்கூட கெட்ட பீஸுனு தள்ளுது. சார் நாளையிலருந்து கேட்டுக்குள்ள வராதன்னுட்டாரு. ஊட்ல இன்னும் சொல்லலக்கா."

மதியம் மேனேஜர் வசந்தகுமார் கூப்பிட்டு அனுப்பினார். லேப்டாப் திரையில், ஆறாம் நம்பரைச் செய்து அனுப்பிய ஜெர்மன் கம்பெனியின் இன்ஜினியர் க்ரூபர். அவர்களுக்கு அப்போதுதான் காலை. மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்ட எதற்கும் க்ரூபர் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆப்பரேட்டர் தப்பு, அந்த ஆள நிறுத்திட்டோம்னு அவங்க பாஷையில தெளிவா சொல்லுங்க. அவ்ளோதான்" என்றார் வசந்தகுமார்.

ஜெபா உட்கார்ந்தாள். தலை வலித்தது. சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரகு கைகட்டி நின்றிருந்தான். இப்படி ஒரு கம்பெனி வாசலில் அவளுடைய அப்பாவும் அப்படித்தானே நின்றார்!

பள்ளியில் ரயில் நிலையமும் தட்பவெப்பமும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயுத பூஜையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சிலுவைக்கு முன் முழங்காலிட்டு வளர்ந்தவள், அந்தப் பூஜையை ஜெர்மனில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

"வருடத்தில் ஒருநாள் எங்கள் ஊரில் எந்தக் கருவியையும் வேலை வாங்க மாட்டார்கள். கழுவித் துடைத்துக் கும்பிடுவார்கள். இதை ஓட்டுகிறவர் இந்த மெஷினை ஒரு ஆளாகவே நினைத்துவிட்டார். நெற்றி என்று எண்ணி அதன் கண்ணிலேயே திலகம் வைத்துவிட்டார். அதற்காக அவருடைய வேலை போகப்போகிறது."

  திரையில் க்ரூபர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"இன்னா சிரிக்கிறாரு?" வசந்தகுமார் பதறினார்.

"நான் மலையடிவாரக் கிராமத்தில் பிறந்தவன்" என்றார் க்ரூபர். இப்போது வார்த்தைகள் கொட்டின. "எங்கள் ஊரில் பாதிரியார் வந்து டிராக்டர்களுக்குத் தீர்த்தம் தெளிப்பார். ஒருமுறை என் அப்பா, ஆசி நன்றாக உள்ளே போகட்டும் என்று என்ஜின் மூடியைத் திறந்து வைத்தார். அன்று முழுக்க வண்டி கிளம்பவில்லை! அந்த ஆளைக் கூப்பிடுங்கள். கேமராவுக்கு முன்னால் இருப்பது வெறும் காப்புக் கண்ணாடிதான். மெஷினோடு வந்த சின்னப் பெட்டியில் இன்னொன்று இருக்கும்."

அந்தப் பெட்டியையும் பிரிக்காமல் பொட்டு வைத்து மூலையில் வைத்திருந்தார்கள். லேப்டாப்பை மெஷின் பக்கத்துக்குக் கொண்டுபோய் ஜெபா சொல்லச் சொல்ல, ரகு கண்ணாடியை மாற்றினான். ஆறாம் நம்பர் நல்ல பீஸை நல்ல பீஸ் என்று ஏற்றுக்கொண்டது.

"அடுத்த மாதம் நான் வரும்போது இந்த மெஷினில் இவரே நிற்கட்டும். பொட்டு மட்டும் பக்கவாட்டில்" என்றார் க்ரூபர். ஜெபா அதை ஒரு எழுத்து குறையாமல் தமிழில் மேனேஜரிடம் சொன்னாள். அவர் ரகு பக்கம் திரும்பினார். "போ, போய் வேலையைப் பாரு" என்றார்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது ரகு ஒரு பொரிப் பொட்டலத்தை நீட்டினான். "சாமிக்குப் படைக்காதது, அக்கா. உனக்குனு தனியா எடுத்து வச்சேன்." அவள் பூஜைப் பொரி தின்ன மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவ்வளவு பேஜாரிலும் அதை மறக்கவில்லை, பாருங்கள். ஜெபா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கவரப்பேட்டை வரை கண்ணை மூடிக்கொண்டாள். மூலை நாற்காலி நாளைக்கும் மூலை நாற்காலிதான்.

வீட்டில் ஏஞ்சலின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "மிஸ்கிட்ட நாளைக்கு சொல்றேன்னு டைம் வாங்கிக்கினு வந்துட்டேன்."

ஜெபா கட்டிய சேலையோடு பாயில் சாய்ந்தாள்.

"ஜெர்மனே எடுத்துக்கோ."

"காலைல வேணான்ன?"

"பிளேன்லாம் வராது. தொண்டை காயும். தலை வலிக்கும். ஊரே கிண்டல் பண்ணும்."

"அப்பறம் எதுக்கு?"

பதில் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள். மகள் பொரிப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து மெல்ல உருவி வைத்துவிட்டு, ஃபேனைக் கொஞ்சம் கூட்டினாள்.