வழியா, வலியா

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவள் நான். கண்ணால் பார்த்து, அளந்து, சரி என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். அப்படிப்பட்டவள் இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி சேகர் ராக் பாடகன். பாகான் டாலாமில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் கிட்டாரை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தவன், ஒரே ஒரு கேசட் போட்டான். அதில் ‘என் வழி யாருக்கும் தெரியாது’ என்ற பாட்டு மட்டும் பினாங்கு முழுக்கப் பரவியது. பையன்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாடினார்கள். மறு வருடமே வயிற்றில் புற்று என்று போய்விட்டான். நோய் முற்றும்வரை வீட்டில் ஒருவரிடமும் அவன் வாய் திறக்கவில்லை.

இந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேகர் மலாய்ப் பள்ளியில் படித்தவன், தமிழ் எழுத்துத் தெரியாது. பாட்டையெல்லாம் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில்தான் எழுதுவான். அவன் எழுதுவதில் வழியும் வலியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதிவுக்கு முன்னால் வீட்டில் பாடிக் காட்டியபோது ‘என் வலி’ என்றான்.

“வலி இல்லடா, வழி. நாக்க மடக்கிச் சொல்லு” என்றேன்.

“ஓகேலா, டீச்சர்” என்று சிரித்துவிட்டு நான் சொன்னபடியே பாடினான். அப்போது வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

இப்போது அவன் கதையைப் படமாக எடுக்கப்போவதாக ஷாமினி என்ற இளம் இயக்குநர் வந்தாள். சேகராக நடிப்பவரை நான் பார்த்துச் சம்மதித்தால்தான் படம் என்றாள். வீட்டில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். எனக்கு மனமில்லை. யாரோ ஒருவரை இவர்தான் சேகர் என்று ஊருக்குக் காட்டினால், எனக்குள் இருக்கிற அவன் முகமும் அழிந்துபோகும் என்று பயந்தேன். வேண்டாம் என்று நேரில் சொல்லிவிடத்தான் பினாங்குத் தீவுக்கு ஃபெரி ஏறினேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. நல்ல பகல். நடிகர் பிரவின் கோலாலம்பூர்க்காரர், மேடையிலும் திரையிலும் பெயர் வாங்கியவர். என் தம்பி எலும்பும் தோலுமாக இருந்தவன். இவர் தினம் நாலு ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர் போல இருந்தார்.

“கவலப்படாதீங்க மேடம், உடம்பக் கொறச்சிடுவேன்லா.”

“மூஞ்சியையுமா கொறைப்பீங்க?” என்றேன். ஷாமினி சிரித்தபடியே கேமராவை ஓடவிட்டாள்.

பாடினார். நன்றாகத்தான் பாடினார், ஆனால் சேகர் இல்லை. எழுந்துவிடலாம் என்று கைப்பையை எடுத்தேன். பல்லவி மறுபடி வந்த இடத்தில் கிட்டார் நின்றது. பிரவின் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார்.

“வழி இல்லக்கா. வலி.”

குரல் அவருடையதுதான். ஆனால் அதுவரை மேடம், மேடம் என்று அழைத்தவர், அக்கா என்பதில் பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னார். அப்படி விழுங்குகிறவன் ஒருவன்தான். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. இத்தனை வருடமாக ஊரே காலரைத் தூக்கிப் பாடுகிற அந்த வரியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும், “ஏன் நடுவில நிறுத்தினீங்க?” என்று கேட்டேன்.

“நிறுத்தலயே, மேடம்” என்றார் பிரவின்.

“நிக்கவே இல்லையே, ஆன்ட்டி. ஏன் அழறீங்க? பிடிக்கலயா?” என்றாள் ஷாமினி.

“இவரே நடிக்கட்டும்” என்றேன். “ஆனா அந்த எடத்தில வலின்னு பாடணும்.”

“கேசட்டில வழின்னுதானே இருக்கு?” என்றாள் ஷாமினி.

“கேசட்டில தப்பு.”

சில நாள் கழித்து ஷாமினி போன் செய்தாள். “ஆன்ட்டி, வீடியோ அனுப்பியிருக்கேன். யாரை டா போட்டுப் பேசினீங்க? பிரவின் அண்ணனையா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

போட்டுப் பார்த்தேன். பிரவின் எங்கும் நிறுத்தவில்லை, ஒவ்வொரு முறையும் ‘வழி’ என்றே திருத்தமாகப் பாடுகிறார். நான் கண்ட எதுவுமே அதில் இல்லை. ஆனால் அதே இடத்தில், பாட்டுக்கு மேலாக, ஒரு பெண் குரல் மெதுவாகச் சொல்கிறது: “சரிடா. அப்படியே பாடு.”

என் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை.

படச்சட்டத்தின் ஓரத்தில் நானும் தெரிகிறேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறேன். எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். என் வாய் மூடியே இருக்கிறது.