கரைந்துபோன கட்டி

ஹெப்பாளில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் என் கணவருக்குக் கழுத்தில் கட்டி. சோறு விழுங்கவே சிரமப்பட்டார். சதையெடுத்துப் பரிசோதிக்க நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் மனசு கேட்காமல், எனக்கு வீசிங்குக்குத் தந்த ஸ்டீராய்டு மாத்திரையில் மீந்ததைக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கட்டி வற்றியது.

"மாதேஸ்வரன் கண்ணத் தொறந்துட்டானுங்க" என்றேன் அவரிடம். கட்டி கரைந்தால் அந்தச் சாமியின் மலைக்கு நடந்தே வருவதாக வேண்டியிருந்தேன்.

குறித்த நாளில் எடுத்த சதையின் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டார்; நான் கொடுத்ததைச் சொன்னதும் முறைத்தார். "யாரைக் கேட்டும்மா கொடுத்தீங்க? வெள்ளை அணுக்களைத் தானாவே சாக வைக்கிற மாத்திரை அது. அந்த அணுக்கள்லதான் புற்றுநோயோன்னு சந்தேகப்பட்டோம். எடுத்த சதையில செத்த அணுதான் இருக்கு. என்ன நோய்னு தெரியாம மருந்து கொடுக்க முடியாது. கட்டி மறுபடி வளர்ந்தாதான் தெரியும்."

தினமும் காலையில் அவர் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். கரையட்டும் என்று கேட்ட அதே சாமியிடம், திரும்பி வரட்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?