பலாச்சுளைப் பத்தியம்

சிதம்பரத்து வைத்தியரே, நீங்கள் பொய்யர். ஆண் பிள்ளை மருந்து என்று நீங்கள் தருவது மருந்தே இல்லை. அது உங்களுக்கும் தெரியும்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. பெண் பெற்றவள் யாரும் உங்கள் வாசலுக்குத் திரும்பி வருவதில்லையே. ஆண் பெற்றவர்கள்தான் வாழைத்தாரோடு வந்து கட்டிவிட்டுப் போகிறார்கள். நான் வந்த அன்றும் தார்கள் வரிசையாகத் தொங்கின. என் மாமியார் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே உறுத்தியது. மருந்து பலிக்காதவர்கள் எதைக் கொண்டுவந்து கட்டுவார்கள்?

எனக்கு ஏற்கெனவே ஒரு பெண். வயிற்றில் மூன்று மாதம். காடாம்புலியூரிலிருந்து பஸ் மாறி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் நாடி பிடிக்கவில்லை. வயது கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

“எந்த ஊரும்மா?”

மாமியார் ஊரைச் சொன்னார். காளைக்கன்று ஈன்ற பசுவின் பாலில் ஒரு பச்சை உருண்டையைக் கரைத்து நீட்டினீர்கள்.

“பத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். புள்ள பொறக்குற வரைக்கும் பலாப்பழம் ஆவாது. வாசம்கூட ஆவாது.”

அப்போது சித்திரை மாதம். எங்கள் வீட்டுக் கூடத்தில் விற்பனைக்கு வெட்டிய பழங்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்த வாசம் வேண்டாமென்றால் மூச்சை நிறுத்த வேண்டும். உங்கள் மருந்தை நான் நம்பவில்லை. ஆனால் நாளைக்குப் பழி என் தலையில்தான் விழும் என்று தெரியும். அதனால் ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சோறு ஆக்கினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சுளை சுளையாகத் தின்றார்.

ஐப்பசி மழையில் கடலூர் ஆஸ்பத்திரியில் பிரசவம். பெண் குழந்தை. மாமியார் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன்பே கேட்டார்.

“எப்ப தின்ன?”

“தின்னல அத்த.”

“வாசம் புடிச்சிருப்ப.”

“கூடம் பூரா பழத்த அடுக்குனது நானா?”

“வாயப் பாரு. பெத்தது பொண்ணு, பேச்சப் பாரு!”

பக்கத்துக் கட்டிலில் துறைமுகத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். அவளுக்கும் பெண்தான். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சிதம்பரத்து வைத்தியராக்கா? எனக்கு மீனு ஆவாதுன்னாரு. எங்க வூட்டுக்காரரே மீன் வாசம்தான். அவரக் கடல்லயே வுட்டுட்டு வரச் சொல்றதா?”

நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். “உன்ன மொதல்ல இன்னா கேட்டாரு?”

“எந்த ஊருன்னாரு.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று உங்கள் வாசலில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் திட்டக்குடிக்காரி. வீட்டைச் சுற்றிச் சோளக்கொல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சோளம் ஆகாது என்றீர்கள். யாரால் எதிலிருந்து தப்பவே முடியாதோ, அதுதான் அவளுக்குப் பத்தியம். ஆண் பிறந்தால் உங்கள் மருந்து. பெண் பிறந்தால் அவள் வாய்.

மருந்து தின்றால் ஆண் பிறக்குமா என்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“மூணாம் மாசத்துல மாத்துறதுக்கு அது என்ன பொடவையாம்மா? ஆணா பொண்ணாங்கறது கரு உண்டாவும்போதே முடிஞ்சிபோச்சு. அதுவும் அப்பாகிட்டருந்து வர்ற அணுவாலதான். எந்தத் தின்பண்டமும் அத மாத்தாது.”

என் மாமியார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதும்மா. இவ பலாப்பழம் தின்னுட்டா.”

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் அவளைக் கூப்பிடுவது ‘பலாச்சுளை’ என்று. செல்லமாகத்தான் கூப்பிடுகிறார்களாம். போன வாரம் ஒரு பழத்தை அறுத்து அவளுக்குச் சுளை நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“வேணாம்மா. நீ அத தின்னாம இருந்திருந்தா நான் தம்பியா பொறந்திருப்பேன்ல?”

கையில் பலாப்பால் பிசுபிசுத்தது. தின்னவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. வீடே ஒன்று சொல்லும்போது அம்மா மட்டும் வேறு சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

இப்போது என் ஓரகத்திக்கு மூன்றாம் மாதம். வருகிற வெள்ளிக்கிழமை மாமியார் அவளை உங்களிடம் கூட்டிவருகிறார். நானும் வருகிறேன், என் சின்ன மகளோடு. ஓரகத்தியிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டால் அவள் ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டாள். என் மாமியார் வாயைத் திறந்தால் நான் பொத்துவேன்.

ஊர் தெரியாமல் பத்தியம் சொல்லுங்கள், பார்ப்போம். பிறகு அந்த வாழைத்தார்களுக்குக் கீழே, காத்திருக்கும் பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, என் மகளைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்: அவள் பெண்ணாகப் பிறந்தது பலாச்சுளையாலா?