கார் பார்க்கப் போன ஞாயிறுகள்

மகளுக்குக் கல்யாணமாகி அவள் பெங்களூர் போன பிறகு, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நானும் அவரும் மட்டும்தான். குவார்ட்டர்ஸ் என் பேரில் கிடைத்தது. லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. அவர் பாலம் விமான நிலையத்தில் ஜெட் இன்ஜின்களைச் சரிபார்க்கும் இன்ஜினியராக இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த இரைச்சலுக்கு நடுவில் நின்றவர், சமீபத்தில்தான் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பிளானிங் வேலைக்கு மாறியிருந்தார். புரமோஷன் என்றார். நான் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சமையலறையிலிருந்து நான் ஏதாவது சொன்னால் பதில் வராது. மறுபடி சொன்னால் "உம்" என்று ஒரு சத்தம். அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். நிறுத்தியதைக்கூட அவர் கவனிக்க மாட்டார். பிள்ளை வளர்க்கிற வேலை முடிந்ததும் இவருக்கு என்னிடம் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பிடும்போது, "அம்மிணி, ஒரு கார் விலைக்கு வருது. வர்ற ஞாயித்துக்கிழமை பாக்கப் போலாமா?" என்றார்.

எங்களிடம் ஸ்கூட்டர்தான் இருந்தது. கார் வாங்கலாம் என்று எப்போதாவது பேசியதுண்டு. அதனால் நான் சாதாரணமாக, "அம்பாசடரா, பியட்டா?" என்றேன்.

"ரெண்டும் இல்ல. ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்து வண்டி. ரெண்டே சீட்டு. மேல் கூரைய மடிச்சு வெச்சரலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கிண்டியில் இன்ஜினியரிங் படித்த காலத்தில் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கப் போவாராம். பொரி பொட்டலத்தோடு வெயிலில் நின்ற கதையைக் கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதைச் சொன்னபோது இருந்த அதே முகம்.

கார் ஜோர் பாகில் ஒரு வயசான சர்தார்ஜி வீட்டில் நின்றது. ஊருக்குத் திரும்பிப் போன ஏதோ வெளிநாட்டுத் தூதரக அதிகாரியிடமிருந்து அவர் வாங்கி வைத்திருந்தது. அடர் சிவப்பு. என் இடுப்பு உயரம்கூட இல்லை. நான் அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் சர்தார்ஜியைப் பார்த்து இந்தியில் கேட்டார்:

"காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணுனீங்களா?"

"ஆமாம், உங்களுக்காகத்தான். குளிராச்சே, இன்ஜினைச் சூடு பண்ணி வைத்தேன்" என்றார் சர்தார்ஜி. நல்ல மனுஷன்; அதில் கள்ளம் ஒன்றும் தெரியவில்லை.

இவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "சூடான இன்ஜின் நோவ வெளிய காட்டாது. ஆறிக் கெடக்கறப்போ ஸ்டார்ட் பண்ணோணும். அப்பத்தான் உண்மை தெரியும்."

அதனால் அன்றைக்கு இன்ஜினைத் தொடவில்லை. மற்றதையெல்லாம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்து, கதவு, மட்கார்டு, டிக்கி என்று வண்டி முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். எங்கும் கப்பென்று பிடித்த காந்தம், இடது கதவின் அடிப்பக்கம் மட்டும் வழுக்கி விழுந்தது. அந்த இடத்தில் தகரம் துருப்பிடித்துப் போய், பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "அந்த ஒரு எடத்தோட போகட்டும், அடி வாங்குன வண்டி இல்ல" என்றார். பிறகு தரையில் செய்தித்தாளை விரித்து மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போனார். டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. நல்ல வேளை, குளிருக்குச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்; ஆனாலும் குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது. சேஸிஸ் வளைந்திருக்கிறதா, ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா, எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்த்தார். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து முகர்ந்து, உள்பக்கத்தை என்னிடம் காட்டினார். "மோர் மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். இது சுத்தமா இருக்குது பாரு."

அடுத்த ஞாயிறு வருகிறோம், அதுவரை, அன்று காலையிலும், ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சர்தார்ஜி "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்.

அந்த வாரம் முழுக்க அவர் பேசினார்; அப்படிப் பேசி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். வேகமாக ஓடுவதற்கென்றே செய்த வண்டியை வாங்குகிறவன், அதை முன்னால் வைத்திருந்தவன் எப்படி ஓட்டினான் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் கேள்வி கேட்டால் பதில் சொன்னார். அந்த வயசிலும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இரண்டாம் ஞாயிறு நல்ல மூடுபனி. பேட்டரி ரிக்‌ஷாவெல்லாம் இல்லாத காலம். ஸ்கூட்டரில் விறைத்துப் போய்ச் சேர்ந்தோம். பானெட் பனியில் நனைந்து ஐஸாகக் கிடந்தது. இவர் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார். சர்தார்ஜி சாவியைத் திருப்பினார். ரெண்டு மூன்று முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. இவர் பானெட்டைத் திறந்து கிட்டே குனிந்து நின்றார். என்னைப் பார்த்து, "தங்கமாட்டம் இருக்குது அம்மிணி!" என்றார்.

எனக்கோ வேறொன்று கேட்டது. இன்ஜினின் உறுமலுக்கு மேலே, தகர டப்பாவில் காய்ந்த பட்டாணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி மெல்லிசாக ஒரு சலசலப்பு.

"ஏனுங்க, அது என்னங்க சத்தம்?"

"எது?"

"அதாங்க, சலசலன்னு."

அவர் இன்னும் குனிந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். பிறகு நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். கண்ணை அல்ல, வாயை. "சத்தமே இல்லையே" என்றார். குரலில் உறுதி இல்லை.

சர்தார்ஜி சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆவாஜ் தோ ஹை, பஹன்ஜி" என்றார் மெதுவாக. சத்தம் இருக்கத்தான் செய்கிறது, சகோதரி.

சமையலறையிலிருந்து நான் சொன்னதற்கெல்லாம் ஏன் பதில் வரவில்லை, அந்த வாரம் ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினார் என்று அத்தனையும் எனக்கு அந்த இடத்தில் புரிந்துபோனது. பனியில் கண் எரிகிற மாதிரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேற்று மனுஷர் முன்னால் அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது. அவர் எதிரில் போய் நின்று, முகம் தெரிகிற மாதிரி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"டப்பாவுல பட்டாணி குலுக்கறாப்புல இருக்குதுங்க."

அவர் என்னையே பார்த்தார். நான் தெரிந்துகொண்டேன் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. "முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

"முன்னாடி. ரேடியேட்டர் பக்கம்."

சர்தார்ஜியை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். "இப்போ?"

"குறையுதுங்க. காலை எடுத்தா மறுபடி வருது."

கொண்டுவந்திருந்த கருவிப் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் நுனியை இன்ஜினின் முன்மூடி மேல் ஊன்றி, கைப்பிடியை என் காதோடு சேர்த்து வைத்தார். விலகிவிடாமலிருக்க என் தலையை மறுகையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். காதுக்குள்ளேயே சங்கிலி உரசுவது போலக் கேட்டது. "சங்கிலிங்க. சங்கிலி லொடலொடன்னு அடிக்குது" என்று கத்தினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "டைமிங் செயின்! தளர்ந்து போச்சு. அப்படியே ஓட்டுனா ஒரு நாள் அறுந்து இன்ஜினே போயிரும். இப்பவே மாத்திட்டா ஒண்ணுமில்ல."

சர்தார்ஜி கைகூப்பாத குறையாக, "பஹன்ஜி, ஆப்கே கான் தேஜ் ஹைன்" என்றார். என் காது கூர்மையாம். ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு அவர் டீ சொல்ல உள்ளே போனார்.

இவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோடு என் மடிக்குக் கீழே ஓடுவது போல இருந்தது. ஒவ்வொரு கியருக்கும் மாற்றி, "கரகரன்னு வருதா? ஊய்னு வருதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, நீலப்புகை வருகிறதா என்று பின்னால் திரும்பிப் பார்க்கச் சொன்னார். இல்லை. பிரேக்கை அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்தார். இழுக்கவில்லை. ரிட்ஜ் ரோட்டில் கீகர் என்கிற கருவேல மரங்களுக்குப் பக்கமாக ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தார்.

"பெரிய சத்தமெல்லாம் கேக்குது அம்மிணி. மெல்லிசானதுதான் போயிருச்சு. நீ பேசறது கேக்கும், ஆனா என்ன வார்த்தைன்னு புரியாது."

"எப்ப இருந்துங்க?"

"ஆச்சு, பல மாசம். ஆபீஸ்ல டெஸ்ட் எடுத்தாங்க. இன்ஜின் பக்கம் நிக்க வேண்டாம்னுதான் பிளானிங்குல போட்டாங்க. அது புரமோஷன் இல்ல." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ லட்டு வாங்கிட்டு வந்து நிக்கறே. எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். என்னிடம் பேச்சு தீர்ந்துபோனவர் இல்லை இவர். அதற்குப் பிறகுதான் அவருக்காக அழுகை வந்தது. இவ்வளவு நாளாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, சிரிக்கிற இடம் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "உம்" போட்டுக்கொண்டு.

அவர் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பி, "செயின மாத்திட்டா வண்டி நல்ல வண்டிதானுங்களே?" என்றேன்.

"அருமையான வண்டி."

"அப்ப வாங்கலாம்."

வாங்கினோம். குவார்ட்டர்ஸ் முன்னால் வேப்ப மரத்தடியில் அவரே இன்ஜினைப் பிரித்துச் செயினை மாற்றினார். மாற்றி முடித்த அன்று ஸ்டார்ட் செய்துவிட்டு என்னைப் பார்த்தார். பட்டாணி போயிருந்தது. "இல்லைங்க" என்று கை விரித்தேன். ஆபீஸுக்கு லீவ் போட்டு அவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்ற நான், நகராத அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக் கருவி கொடுத்தார்கள். வீட்டில் போட்டுக்கொள்வார். காரில் காற்றிரைச்சல் தாங்காது என்று கழற்றிவிடுவார்.

ஞாயிறுகளில் கூரையை மடக்கிவிட்டுக் கிளம்புவோம். சில நாள் குதுப், சில நாள் சூரஜ்குண்ட். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் என் பக்கம் திரும்பி, "இப்ப என்ன சத்தம்?" என்பார். குயில், ஐஸ் வண்டி மணி, யாரோ ஒரு குழந்தை அடம்பிடிப்பது என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். வீட்டில் பேசாமல் விட்ட பேச்செல்லாம் அந்தக் காரில் பேசினேன்.

ஒரு தடவை லாஜ்பத் நகர் பக்கம் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். பின்சீட்டில் இருந்த இளம்பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புருஷன் காதில் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்ன சொல்றா அந்தப் புள்ள?" என்றார் இவர்.

"இந்தக் கெழடுகளுக்கு இப்படி ஒரு கார் கேக்குதான்னு சொல்றாளுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிக்னல் மாறியதும் ஆக்சிலேட்டரை ஒரே அழுத்து. என் தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூ ரோட்டோடு போனது.