பழசு என்று பேர் வைத்த பெட்டி

அலுவலகத்தில் அவளுக்குப் பெட்டியக்கா என்று பேர். அவள் மேசைக்கடியில், காலை நீட்டவிடாமல், பெரிய கம்ப்யூட்டர் ஒன்று நாளெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். அதற்குள் ஒரு டஜனுக்கு மேல் கம்ப்யூட்டர்கள். நிஜத்தில் இல்லை, இருப்பதுபோல நடிக்கும். மற்றவர்கள் விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அவளுக்குப் பெட்டி.

மருந்துக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளைச் செய்கிற கம்பெனி அது. கடைக்காரர்கள் லேசில் கம்ப்யூட்டரை மாற்றுகிறவர்களா? ஒருவர் அப்பா காலத்து விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழுவார், இன்னொருவர் நேற்று வாங்கியதில் தட்டுவார். அத்தனை ரகத்துக்கும் ஒவ்வொரு பெட்டி வைத்திருந்தாள். புதிய பதிப்பை அதில் ஏற்றி, கண்டபடி தட்டி, உடையுமா என்று பார்ப்பாள். உடைந்தால் ஒரு சொடுக்கு. பெட்டி பழையபடி சுத்தமாக எழுந்து நிற்கும். மனுஷருக்கு அந்த வசதி இல்லையே என்று அவள் பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு.

மாலை ஆறு அடித்தால் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். மாமனார் படுத்த படுக்கை. பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயா ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிவிடுவாள். கணவனுக்கு வெளியூரில் வேலை. அதனால் அலுவலகத்தில் அவள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். புதிய பயிற்சி, மாலைக் கூட்டம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "ஐயோ, நான் பழைய ஆளுப்பா. அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க பாத்துக்கட்டும்" என்று சிரித்துவிடுவாள். தெரியாமல் இல்லை. தெரியும் என்று சொன்னால் இழுத்துப் போடுவார்கள். வருடக்கணக்கில் அந்தச் சிரிப்பு அவளைக் காப்பாற்றியது.

அதே தந்திரத்தைத்தான் அவள் பெட்டிக்கும் செய்தாள். டிஸ்கில் இடம் போதாது என்பதால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே தாய்ப்பெட்டியிலிருந்து பிரித்தெடுத்திருந்தாள். பொதுவானதெல்லாம் தாய்க்குள், பிள்ளைகளுக்குள் வித்தியாசம் மட்டும். தாயை யாரும் தொடக் கூடாது. திறந்து எதையாவது மாற்றினால் பிள்ளைகள் அத்தனையும் படுத்துவிடும். மேனேஜருக்கோ கை சும்மா இருக்காது. அவளைவிடப் பத்து வயது சின்னவன், பார்க்கிற பட்டனையெல்லாம் அமுக்குகிற ஜாதி. ஒருமுறை "இது என்னக்கா?" என்று கேட்டுக்கொண்டே தாயைத் திறந்துவிட்டான். ஒரு வார வேலை போயிற்று. மறுபடி கட்டும்போது அவள் யோசித்தாள். 'முக்கியம்' என்று பேர் வைத்தால் நிச்சயம் திறப்பான். 'பழசு' என்று வைத்தாள். அதன்பின் அவன் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குள் ஒரே பெருமை.

டெஸ்டிங் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம். இந்தப் பதிப்பு நல்லபடியாகப் போய்விட்டால் தன் வேலை தங்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். வேலை போனால் ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, ஆயா இல்லாவிட்டால் இன்னொரு வேலைக்கும் போக முடியாது. அந்த முடிச்சு அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பதிப்பு வெளியாக வேண்டிய வாரம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், ஒரு பெட்டியை எழுப்பினாள். எழவில்லை. அடுத்ததும் எழவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே.

"அக்கா, டிஸ்க் ஃபுல்லுன்னு காட்டுச்சு. நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க, நானே கொஞ்சம் கிளீன் பண்ணேன்" என்றான் மேனேஜர்.

"எதைப் பண்ணீங்க?"

"பழசுன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சுல்ல? அதத்தான். பயப்படாதீங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன்."

அழித்ததை இனி மீட்க வழியில்லை. நகல் எடுத்து வைக்கத் தனி டிஸ்க் வேண்டும் என்று அவள் இரண்டு தடவை கேட்டிருந்தாள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றவனும் இவன்தான்.

"அதுலதான் எல்லாமே நின்னுது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீங்கதானே பழசுன்னு எழுதி வச்சீங்க?"

பதில் நாக்கு வரை வந்தது. உன் கைக்குப் பயந்துதான் அப்படி வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? திரும்பி அடுத்த பெட்டியை எழுப்பிப் பார்த்தாள்.

பதிப்பு தள்ளிப்போனது. கூட்டத்தில் மேனேஜர், "பெட்டிகள்ல ஒரு குளறுபடி ஆயிடுச்சு" என்றான். குளறுபடி தானாக நடந்து வந்து உட்கார்ந்துகொண்டதுபோல. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைத் தம்பிக்கு நடந்தது அத்தனையும் தெரியும். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வேலை வேண்டுமே. அவள் மறுபடி முதலிலிருந்து கட்டினாள், எல்லாம் எழுந்தன, பதிப்பும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் மேனேஜர் தனியறைக்குக் கூப்பிட்டான். கதவை அவனே சாத்தினான்.

"உங்க மேல ஒரு குறையும் இல்லக்கா. மேல கேட்டாங்க, யாரை வச்சுக்கலாம், யாரை விடலாம்னு. புதுசு கத்துக்கறவங்களா வேணுமாம். நீங்களே சொல்வீங்கல்ல, பழைய ஆளுன்னு."

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே நம்பியிருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எரிச்சல் அவன்மேல் பாதி, தன் வாயின்மேல் பாதி.

கடைசி நாளில் பக்கத்து இருக்கைத் தம்பி வந்து நின்றான். பெட்டிகளை இனிமேல் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்தைப் பார்க்கவில்லை. "தாய்ப்பெட்டி எதுன்னு காட்டுங்கக்கா." அவள் காட்டினாள். "என்ன பேரு வைக்கட்டும்?"

"முக்கியம்னு வை. யாராச்சும் தொறந்தா கத்து."

மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆயா மாமனாரின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் வந்துட்டீங்களே!" என்று அவள் முகம் மலர்ந்தது. தானும் சீக்கிரம் கிளம்பலாம் என்ற சந்தோஷம்.

பெட்டியக்கா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "நாளையிலேருந்து நீங்க வரவேணாம். நான் வீட்டுலதான் இருப்பேன்."

ஆயாவின் கை போர்வையிலேயே நின்றது. "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"சேச்சே. உங்க மேல ஒரு குறையும் இல்ல" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது.