மலைக்கு ஐஸ் ஏற்றிய மாஸ்டர்

கொடைக்கானலுக்கு நாங்கள் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு போனோம். அதுவும் காசு கொடுத்து வாங்கி, உமி போட்டு, சாக்கில் சுற்றி. சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன்.

என் பெயர் பாண்டி. திண்டுக்கல்லில் சமையல் காண்ட்ராக்டர்களுக்கு லோடு வேன் ஓட்டினேன். அண்டா, அடுப்பு, கிரைண்டர், மாஸ்டர், மாஸ்டரின் கோபம், எல்லாவற்றையும் ஏற்றி இறக்கியிருக்கிறேன். இப்போது வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டேன். இந்த லைனுக்குப் புதிதாக வரும் பையன்கள் என்னிடம் மைலேஜ் கேட்கிறார்கள், டோல்கேட் கேட்கிறார்கள். போகிற ஊரில் என்ன குளிர், என்ன வெயில் என்று ஒருத்தனும் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. வீடு கட்டுகிற இட்லி

கொடைக்கானலில் மலைப்பூண்டு வியாபாரம் செய்யும் செல்வி அக்காவின் மகளைக் கீழே திண்டுக்கல் பக்கம் எரியோட்டில் கட்டிக்கொடுத்தார்கள். நிச்சயத்தன்று அக்கா வீட்டு இட்லியைத் தின்ற மாப்பிள்ளையின் அப்பா, சபையில் எல்லோரும் கேட்க, "மலைக்காரவுக இட்லிய வச்சு வீடே கட்டலாம் போல" என்று சொல்லிவிட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னார். அக்காவுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது.

அதனால் கல்யாணச் சமையலுக்குத் திண்டுக்கல்லில் இருந்தே ஆள் பிடித்தார். வந்து மாட்டியவர் எங்கள் சுப்பையா மாஸ்டர். அக்கா போனிலேயே அழுத்திச் சொன்னார்: "மாஸ்டர், மாப்பிள்ளை அழைப்பு அன்னைக்குச் சாயங்கால டிபனுக்கு இட்லி. பஞ்சு மாதிரி இருக்கணும். சம்பந்தி வாயடைச்சுப் போகணும். மத்ததெல்லாம் எப்படிப் போனாலும் சரி."

மாஸ்டருக்கு இட்லி தண்ணி பட்ட பாடு. ஆனால் அவர் கற்றது, வளர்ந்தது, பேர் எடுத்தது எல்லாம் கீழே, எங்கள் வெயிலில். எங்கள் ஊரில் மாவு பொங்குமா என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். வைகாசி வெயிலில் அதைப் புளிக்காமல் பிடித்து வைப்பதுதான் வித்தை. ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். அண்டாவுக்கு ஈரச் சாக்கு சுற்றுவார்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையைத் தேடி வைப்பார்கள்.

"மாஸ்டர், மேல குளிருமே, ஐஸ் எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

"ஏலே, ஒனக்கு வண்டி, எனக்கு மாவு. அவனவன் வேலைய அவனவன் பாப்போம்" என்றார். நான் வண்டியைப் பார்த்தேன்.

2. மாவுக்கு வந்த குளிர்

அடிவாரத்துக் காட்ரோடு தாண்டி மலை ஏறும்வரை சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏற ஏறக் காது அடைத்தது. டேஷ்போர்டில் கிடந்த சிப்ஸ் பாக்கெட் உப்பி, தொட்டால் வெடித்துவிடும்போல ஆனது. உயரம் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்டது விரியும். மேலே போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்த மாஸ்டருக்குப் பல் தந்தியடித்தது. கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் கட்டியாகிக் கிடந்தது. ஐஸ் மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் அந்த ஐஸைப் போட்டுத்தான் மாவு அரைத்தார். செல்வி அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"நாங்க முந்தின நாளே அரைச்சு, அடுப்புப் பக்கத்துல வச்சுக் கம்பளி போத்துவோம் மாஸ்டர்."

"அதான் சம்பந்தி வீடு கட்டச் சொன்னாரு" என்றார் மாஸ்டர். அக்கா திரும்பிப் போய்விட்டார். மாஸ்டர் ஈரச் சாக்கைச் சுற்றி, அண்டாக்களை மண்டபத்தின் பின்பக்கம், வெயிலே எட்டாத மூலையில் வைத்தார்.

நான் வாழை இலை எடுக்கச் சித்தையன்கோட்டைக்கு இறங்கினேன். இலையை ஏற்றி முடிப்பதற்குள் உச்சிவெயில். மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. அவர் குரலை அவ்வளவு மெதுவாக நான் கேட்டதே இல்லை.

"பாண்டி, மாவு எந்திரிக்கவே இல்லடா. அரைச்சு வச்ச மாதிரியே கெடக்கு."

"கம்பளி..."

"போத்திட்டேன். ஹீட்டரும் வச்சுட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஆகாது. அந்த அக்கா மூஞ்சியப் பாக்க முடியலடா. ஏதாச்சும் பண்ணு அப்பு."

இட்லி இல்லையென்றால் ரவை உப்புமாதான். சம்பந்திக்கு அதைப் பரிமாறினால் அந்தப் பெண்ணின் காலம் முழுக்க அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

3. பொங்கிக்கொண்டே ஏறிய வண்டி

சித்தையன்கோட்டையில் மாரியம்மாள் அக்கா ஓட்டல்களுக்கு மாவு அரைத்துக் கொடுப்பவர். காலையில் அரைத்த மாவு அவர் கடையில் பாதி எழும்பி நின்றது. எங்கள் ஊர் வெயிலை நான் வாழ்நாளெல்லாம் திட்டியவன், அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நெறைய ஊத்தாத அப்பு, வழியில பொங்கும்" என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. ஒரு கரண்டி குறைந்தாலும் செல்வி அக்காவுக்கு அவமானம் என்று தூக்குப் பாத்திரங்களைக் கழுத்துவரை நிரப்பினேன்.

வத்தலக்குண்டு வரை ஒன்றும் இல்லை. டம்டம் பாறை தாண்டியதும் பின்னால் டங் என்று ஒரு சத்தம். மூடி ஒன்று எழும்பிவிட்டது. சிப்ஸ் பாக்கெட் ஞாபகம் வந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் காலி வாளியில் ஊற்றி மூடி, பக்கத்துச் சீட்டில் வைத்தேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில் வாளியும் பொங்கியது. பிறகு வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே சீசன் டிராபிக். முன்னால் ஒரு கூட்டம் பஸ்ஸை நிறுத்திவிட்டு அருவியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கையால் ஹாரனும் ஒரு கையால் வாளி மூடியும் அமுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காரில் இருந்தவர் மூக்கைச் சுளித்து, "என்னங்க வாடை?" என்றார். "கல்யாண வாடைங்க, செத்த வழி விடுங்க" என்றேன். பாவம், விட்டார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்காரத் தயாராக இருந்தார்கள். சட்டை, செருப்பு, சீட்டு, எல்லாம் மாவு. இலைக்கட்டு மேலும் மாவு. ஆனால் பாத்திரங்களில் வேண்டிய அளவு இருந்தது, பொங்கித் ததும்பி. மாஸ்டர் என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, சட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முதல் ஈட்டு இட்லியை அவர் வழக்கமான நேரத்தில் இறக்கப் போனார். செல்வி அக்கா கையைப் பிடித்தார். "இருங்க மாஸ்டர். இங்க தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், ஆனா சூடு பத்தாது. இன்னும் செத்த நேரம் வேகட்டும்." இந்த முறை மாஸ்டர் மூடியைத் திரும்ப வைத்தார்.

சம்பந்தி இட்லியைப் பிட்டார், மென்றார், இன்னொன்று கேட்டார். கடைசியில் செல்வி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் அன்னைக்குச் சொன்னது தப்புத் தாயி. இந்தக் குளிர்ல வச்ச மாவுன்னாத்தான் இம்புட்டு மெத்துன்னு வரும். எங்க ஊரு வெயில்ல இது வருமா?"

அக்கா என் சட்டையைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் ரொம்ப அக்கறையாகச் சாம்பாரைக் கிண்டினார்.

4. இரண்டு போன்

கல்யாணம் முடிந்து எல்லோரும் இறங்கி வந்தபிறகு செல்வி அக்காவிடமிருந்து போன்.

"அண்ணே, உங்க மாஸ்டர் அரைச்ச மாவு இப்பத்தான் பொங்கியிருக்கு. இன்னொரு கல்யாணத்துக்கே பத்தும்."

"என்னக்கா செஞ்சீங்க?"

"தெரு முழுக்கக் கூப்புட்டு இட்லி ஊத்துனேன். வேற என்ன செய்ய? திங்க மகளா இருக்கா வீட்ல?" என் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு எங்கள் வீட்டிலும் முதல் வாரம் சோறு மிஞ்சிக்கொண்டேதான் இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். "எரியோட்டுல இருந்து மக அழுகுறா அண்ணே. மாவரைச்சு வச்சாளாம், பொழுது சாயுறதுக்குள்ள புளிச்சு நாறிப்போச்சாம். மாமனாரு ஒண்ணும் சொல்லலயாம். அவளுக்குத்தான் வெக்கமா இருக்காம்."

"எப்படி வச்சாங்க?"

"நான் சொல்லிக்குடுத்த மாதிரிதான். அடுப்புப் பக்கத்துல, கம்பளியப் போத்தி."

மாஸ்டரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மாஸ்டரும் அந்தப் பிள்ளையும் வேலை தெரியாதவர்கள் இல்லை. தெரிந்த வேலையைத் தெரியாத ஊரில் செய்தார்கள், அவ்வளவுதான். ஆகவே பையன்களே, டீசல் போடும்முன் போகிற ஊர்க்காரருக்கு ஒரு போன் போட்டு வெயிலா குளிரா என்று கேளுங்கள். கேட்டதை மாஸ்டரிடம் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

அந்த வாரமே எங்களுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. மாஸ்டர் வண்டியில் ஏறும்முன் சொன்னார்:

"ஏலே, போற வழியில எரியோட்டுல அந்தப் பிள்ளை வீட்ல நிறுத்து. ஒரு ஐஸ் கட்டி, ஒரு ஈரச் சாக்கு. எப்படிச் சுத்துறதுன்னு நானே காட்டிட்டு வாரேன்."

ஏற்றினேன். அந்த முறை எதற்கு என்று நான் கேட்கவில்லை.